ஈரச்சாக்கில் மூன்று நாள்

கருமலைக் காட்டு சிங்கராஜா பயிர்களுக்கென்று ஒரு வேளாண்மைத் துறை வைத்திருந்தார். அதன் அதிகாரி ஒரு குரங்கு. விதையைச் சோதித்து மூட்டையில் முத்திரை குத்துகிற வேலை ஓர் எறும்புக்கு.

மழைக்காலம் நெருங்கியது. சோள விதை வாங்க முயல்கள் வந்து வரிசை கட்டி நின்றன. குரங்குக்கு ஒரே குஷி! ராஜா வந்து விதை வழங்கும் விழாவுக்கென்று தோரணம் கட்டியது. மேளம் வைத்தது. பளபளப்பான விதை மூட்டைகளாகப் பார்த்துப் பொறுக்கி முன்னால் அடுக்கி, மங்கலானவற்றைப் பின்னால் தள்ளியது.

"சீக்கிரம் முத்திரையைக் குத்து! ராஜா வந்துட்டாரு!"

"குத்த மாட்டேன் ஐயா. முளைக்குதான்னு பார்க்க மூணு நாள் வேணும்" என்றது எறும்பு.

"மூணு நாளா! விதை எப்படி மின்னுது பாரு!"

"மின்னினா போதுமா? முளைக்க வேண்டாமா?"

வரிசையில் முதலில் நின்றது செவலை என்ற தாய் முயல். போன வருடம் விளைச்சல் இல்லாமல் அதன் குட்டிகள் அரைவயிற்றோடு தூங்கின. பாவம், அதற்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்கே மழை வந்துட்டா நான் எதை விதைப்பேன்? விதை தின்கிற உன்கிட்டயே விதைக்குக் காவலா? மூணு நாள்ல மூட்டையே காலியாயிடும்!"

எறும்புக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அப்போ நீங்களே பக்கத்துல உட்கார்ந்து காவல் காருங்க அக்கா!"

ராஜாவும் சரி என்றார். எறும்பு ஒவ்வொரு மூட்டையிலும் நூறு விதை எடுத்து, தனித்தனியாக ஈரச்சாக்கில் சுருட்டி வைத்தது. செவலை சாக்கையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி அங்கேயே கிடந்தது.

மூன்றாம் நாள் சாக்குகளைப் பிரித்தார்கள். மங்கலான மூட்டைகளின் விதையில் நூற்றுக்குத் தொண்ணூறு முளைவிட்டிருந்தன. பளபள விதையில் பத்துகூடத் தேறவில்லை! செத்த விதைக்கு எண்ணெய் பூசித் துறையின் தலையில் கட்டியிருந்தது விதை விற்ற ஒரு நரி. விஷயம் வெளிப்பட்டதும் அது காட்டை விட்டே ஓட்டம் பிடித்தது.

செவலைக்கு அழுகை வந்துவிட்டது. "இதை விதைச்சிருந்தா என் பிள்ளைங்க இந்த வருஷமும் பட்டினிதானே! உன்னைப் போய்த் திட்டிட்டேனே தம்பி!"

அதற்குள் சடசடவென்று தூறல் விழுந்தது.

"அழுகையெல்லாம் அப்புறம் அக்கா! நல்ல விதையைத் தூக்கிட்டு வயலுக்கு ஓடுங்க!" என்று கத்தியது எறும்பு. முயல்கள் பாய்ந்தன. அதிகாரிக் குரங்கும் அசடு வழிந்தபடி தலையில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே ஓடியது.

ஊர் மெச்ச வேலை செய்கிறவரைவிட, ஊரே திட்டினாலும் சோதித்துப் பார்த்தே கொடுக்கிறவர்தான் உழவருக்கு உண்மையான துணை.