எல்லாரும் என்ற பெயருக்கு நேரே போட்ட டிக்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் நான். கம்ப்யூட்டர் வார்த்தைகள் முன்னே பின்னே வந்துவிடும். நடந்ததை நடந்தபடி சொல்லப் பார்க்கிறேன்.

“டீச்சர், என் ஃபோல்டர் என்னையே உள்ளே விடமாட்டேங்குது” என்றேன்.

அமலோற்பவம் டீச்சர் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவர். என் வயதுதான் இருக்கும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் வகுப்பு. மத்தியான வகுப்பு முடிந்து மற்றவர்கள் போயிருந்தார்கள்.

முந்தானைக்குள்ளிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்து மேசையில் வைத்தேன்.

“உள்ளே என்ன?”

“படம்.”

“யார் படம்?”

“என் படம்தான். கை. கழுத்து. முதுகை மகள் எடுத்தா. அவ இப்ப ஹாஸ்டல்ல இருக்கா.”

டீச்சர் என் கழுத்தைப் பார்த்தார்.

“நாளைக்குக் கோர்ட்டுல கொடுக்கணும்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க. இது இல்லாட்டி என் வாய் வார்த்தைதான். திறந்தா, அனுமதி இல்லைங்குது.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தான். செக்யூரிட்டியில ‘எவ்ரிஒன்’னு ஒரு பேர் இருந்துச்சு. எல்லாரும்னுதானே அர்த்தம்? அதுக்கு நேரா ‘டினை’யில, விடாதேங்கிற கட்டத்துல, டிக் போட்டேன். வீட்டுக்காரர் பாத்துடக் கூடாதுல்ல.”

டீச்சர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

“வீட்டுல எல்லாரும் சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு டீச்சர்.”

“நீங்க?”

“நான் இன்னும் இல்ல.”

டப்பாவை என் பக்கம் தள்ளினார். எலுமிச்சை சாதம்.

இரண்டு வாய் வைத்த பிறகுதான் விளங்கியது.

“எல்லாரும்னா நானும்தானா?”

“கம்ப்யூட்டர் உங்களையும் ஒரு ஆளா எண்ணியிருக்கு, மாரிக்கனி. உங்க வீட்டைவிட அதுக்கு மரியாதை தெரியுது.”

சிரித்துவிட்டேன். உதட்டில் காய்ந்திருந்த புண் பிளந்தது.

டீச்சர் ஹார்ட் டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரைக் காணோம். வெறும் எண்ணாக நீண்டு கிடந்தது.

“உங்க பேரு உங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். இதுக்கு நீங்க யாரோ.”

அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டார். நான் போட்ட டிக்கை எடுத்தார். படங்கள் வரிசையாக வந்து நின்றன. முதுகை நானே அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

“இவ்வளவு சுலபமா?” என்றேன்.

“இந்தக் கம்ப்யூட்டருக்கு நான் அட்மின், முழு அதிகாரம் என் கையில. இந்தப் பூட்டு அட்மினை நிறுத்தாது.”

கையில் எடுத்த சாதத்தை டப்பாவிலேயே வைத்தேன்.

“உங்க வீட்டுல அட்மின் யாரு?”

“அவர்.”

டீச்சர் திரையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

“அப்போ அவரு எப்ப வேணும்னாலும்…”

“திறந்திருக்கலாம்.”

காலையில் நான் செருப்பை மாட்டும்போது அவர் கேட்டது ஞாபகம் வந்தது. “கம்ப்யூட்டர் கிளாஸ் நல்லாப் போகுதா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து, நான் போகும் இடத்தைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டு கேட்டதில்லை.

“டீச்சர், இதைவிடப் பெரிய பூட்டு ஏதாவது சொல்லிக் கொடுங்க.”

டீச்சர் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். என் விரல்களை அவரே மடக்கினார்.

“இப்ப அவரால திறக்க முடியுமா?”

“முடியாது.”

“ஏன்?”

“இது அங்கே இல்லையே.”

சொன்னது நான்தான். யாரோ சொல்லக் கேட்டதுபோல் இருந்தது.

டீச்சர் டப்பாவை மூடிக் கழுவப் போய்விட்டார்.

வகுப்பிலிருந்து நேரே போய் ஹார்ட் டிஸ்கை வக்கீலம்மா கையில் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். எங்கள் ஊர் மினி பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

“ஏறலையாக்கா? எடுக்கப் போறோம்” என்றார் கண்டக்டர்.

வேறொரு பஸ்ஸில் ஏறினேன். அது எந்த ஊர் பஸ் என்று இங்கே எழுத மாட்டேன்.