உள்ளே தள்ளிய எச்சரிக்கை

"இருபத்திரண்டு வருஷமா கம்ப்யூட்டர் கோடு எழுதுதேன். என்னைப் போய் இடைவெளி திருத்தச் சொல்லுதீங்களேம்மா" என்றார் குலசேகரன்.

ஜெசிந்தா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

குலசேகரனைவிட ஜெசிந்தா பதினேழு வயது சின்னவர். இருவரும் 'பின்னல்' என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கணினி நிரல் நூலகத்துக்காகச் சம்பளம் இல்லாமல் உழைப்பவர்கள். அட்டவணைகளில் வரிவரியாகக் கிடக்கும் தகவலை, நிரல் எழுதுபவர் கைக்கு வாகாக எடுத்துக் கொடுப்பது பின்னலின் வேலை. நிரலில் பெரிய தலை குலசேகரன். நூலகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் பக்கங்களுக்கோ ஜெசிந்தாதான் எல்லாம். பக்கங்களைத் தொட வேண்டுமானால் ஜெசிந்தாவிடம் ஆறு சனிக்கிழமை மாணவராக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வண்ணாரப்பேட்டையில் கூரியர் கடைக்கு மேலே ஒரு அறை. அன்று மூன்றாவது சனிக்கிழமை.

"தலைப்புக்குத் தலைப்புக் குறி போடு, பட்டியலுக்குப் பட்டியல் குறி போடு. இதெல்லாம் ஒரு வேலையா?"

"சார், காலையில ஒருத்தர் கேள்வி அனுப்பியிருக்கார். அதுக்குப் பதில் சொல்லிட்டுப் பேசலாமா?"

"சொல்லுங்க."

"ஒரு பிரிவை நீக்கினா, அந்தப் பிரிவுல இருக்கிற ஆட்களும் சேர்ந்து போயிருவாங்களா?"

குலசேகரன் சிரித்தார். எத்தனையோ பேர் கேட்டு அவருக்குச் சலித்த கேள்வி.

"போயிருவாங்க. அதான் 'நீக்குதல்' பக்கத்துல பெரிசா எச்சரிக்கை போட்டிருக்கேனே. ஒருத்தனும் படிக்க மாட்டேங்கான்."

"காட்டுங்க சார்."

மூலக் கோப்பைத் திறந்து காட்டினார். எச்சரிக்கை இருந்தது. ஏழு வரி. நல்ல தமிழ்.

"இது நாம எழுதுற கோப்பு. அவங்க படிக்கிற பக்கத்துல காட்டுங்க."

குலசேகரன் தளத்துக்குப் போனார். மேலிருந்து கீழே வந்தார். கீழிருந்து மேலே போனார். தேடும் கட்டத்தில் 'எச்சரிக்கை' என்று அடித்துப் பார்த்தார்.

ஒன்றும் கிடைக்கவில்லை.

"யாரோ எடுத்துட்டாங்க."

"யாரும் எடுக்கல."

மறுபடியும் மூலக் கோப்புக்கு வந்தார். எச்சரிக்கைக்கு மேலே, இரண்டு புள்ளி வைத்து, ஒரு வரி இருந்தது: 'இங்கே ஒரு படம் சேர்க்க வேண்டும். கு.சே.'

தனக்குத் தானே எழுதிய குறிப்பு. இரண்டு புள்ளி வைத்துத் தொடங்கினால் அது எழுதுகிறவர்களுக்கு மட்டும், பக்கத்தில் வராது. அதன் கீழே உள்ளே தள்ளி எழுதுவதும் அந்தக் குறிப்பைச் சேர்ந்ததாகிவிடும், அதுவும் வராது. இது முதல் சனிக்கிழமைப் பாடம். குலசேகரன் அன்று செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

எச்சரிக்கையை அவர் நான்கு இடைவெளி உள்ளே தள்ளி எழுதியிருந்தார். பார்க்க அழகாக இருக்கும் என்று.

"எப்ப எழுதினது சார்?"

தேதியைப் பார்த்தார். மூன்று வருடம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அந்தப் பெயர் நினைவுக்கு வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டார்.

பாத்திமுத்து. கீழக்கரை.

கேள்வி பதில் பக்கத்தில் அது இன்னமும் இருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

'ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். ஓ நெகட்டிவ் பிரிவு தவறுதலாக இரண்டு முறை பதிவாகியிருந்தது. ஒன்றை நீக்கினேன். அதில் இருந்த அறுபத்து மூன்று பேரும் காணோம். இரண்டு வருடம் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது. பக்கத்தை முழுவதும் படித்துவிட்டுத்தான் செய்தேன். திரும்ப எடுக்க வழி உண்டா ஐயா?'

கீழே குலசேகரனின் பதில்.

'வழி இல்லை. எச்சரிக்கை தெளிவாக இருக்கிறது. அடுத்த முறையாவது கண்ணைத் திறந்து படிக்கவும்.'

அதற்கும் கீழே பாத்திமுத்து.

'மன்னிக்கவும் ஐயா. நான்தான் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது.'

குலசேகரன் தன் பதிலை மறுபடியும் படித்தார். இல்லாத ஒன்றை அந்த அம்மா எத்தனை முறை தேடியிருப்பார் என்று நினைத்தபோது எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. கோப்பைத் திறந்து நான்கு இடைவெளிகளை அழித்தார். எச்சரிக்கை இடப்பக்கம் நகர்ந்தது.

அவ்வளவுதான் வேலை.

மாற்றத்தை அனுப்பும்போது, என்ன செய்தோம் என்று மேலே ஒரு வரி எழுத வேண்டும். 'சிறு திருத்தம்' என்று எழுதி அனுப்பினார்.

ஜெசிந்தா திருப்பி அனுப்பினார்.

குலசேகரன் 'பக்கக் குறியீட்டு அமைப்பு சரிசெய்யப்பட்டது' என்று மாற்றி எழுதினார்.

அதுவும் திரும்பி வந்தது.

"என்ன தப்பு?"

"திருத்தினது சரியா இருக்கு சார்."

"பின்ன என்ன?"

"அது மேல ஒரு வரி இருக்குல்லா."

ஜெசிந்தா எழுந்து போய் டம்ளரைக் கழுவினார். ஒரு டம்ளர் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

குலசேகரன் எழுதினார். அழித்தார். மறுபடியும் எழுதினார்.

'எச்சரிக்கை மூன்று வருடமாக இந்தப் பக்கத்தில் இல்லை. காரணம் நான். கீழக்கரை பாத்திமுத்து சரியாகத்தான் படித்திருந்தார்.'

இந்த முறை திரும்பி வரவில்லை.

அதே வரிகளைப் பழைய கேள்விக்குக் கீழேயும் போட்டார். 'என்னை மன்னியுங்கள்' என்று சேர்த்தார். ஜெசிந்தா சொல்லி அல்ல.

சாயங்காலம் அறையைப் பூட்டக் கிளம்பும்போது பதில் வந்தது.

'நன்றி ஐயா. அன்றைக்குப் பிறகு நான் நிரல் எழுதவில்லை. நமக்குப் படித்தாலும் ஏறாது என்று விட்டுவிட்டேன். இந்தக் கேள்வி என் பெயரோடு நிற்பது வெட்கமாக இருக்கிறது. அழித்துவிடட்டுமா?'

குலசேகரன் இரண்டு முறை படித்தார்.

"கேள்வியை அழிச்சா அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் சேர்ந்து போயிரும்" என்றார்.

"ஆமா சார்."

"நான் எழுதினதும் போயிரும்."

"ஆமா."

ஜெசிந்தா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

குலசேகரன் உட்கார்ந்து தட்டினார்.

'உங்கள் கேள்விதான் அம்மா, உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால், நீங்கள் மன்னிப்புக் கேட்டதை மட்டும் அழியுங்கள். அதற்கு மேலே, கண்ணைத் திறந்து படிக்கவும் என்று நான் எழுதியது இருக்கட்டும்.'