கரிப்பானை எறக்குற நாள்

ஏழு தெருப் பட்டணத்துல ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. ஏழு தெரு ஜனமும் கூடி ஓலை போட்டு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். ஆணோ பொண்ணோ, ஜெயிச்சவங்க தலையில ஒரு சிவப்புத் தலைப்பாகையைக் கட்டி விடுவாங்க.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுல திருடு போச்சுன்னா, மண்பானையில கரியைப் பூசி வாசல்ல தலைகீழாத் தொங்க விடணும். போறவங்க வர்றவங்க நின்னு, "என்னம்மா போச்சு?"ன்னு கேக்கணும். வருஷக் கடைசியில ஒரு நாள் எல்லாப் பானையையும் எறக்கி நடுச்சதுக்கத்துல குவிச்சு எண்ணுவாங்க. போன வருஷத்தைவிடக் கொறஞ்சிருந்தா தலைவருக்குக் கோயில்ல பட்டு, பேரைப் பொறிச்சு ஒரு கல்லு. ஒரே ஒரு பானை கூடியிருந்தாலும் தலைப்பாகையைக் கழட்டி வச்சிட்டு, வெறுங்கால்ல தெக்கு வாசல் வழியா ஊரைவிட்டுப் போயிடணும். சமமா இருந்தா பட்டும் இல்ல, பழியும் இல்ல.

குயவர் மட்டும் முணுமுணுப்பாரு, நல்ல தலைவர் வந்தா எனக்கு யாவாரம் படுத்துடுதுன்னு. அந்த மனுஷன் வீட்டுலயே ஒரு தடவை திருடு போச்சு. அன்னைக்குப் பாத்து கைவசம் ஒரு பானை இல்ல. பக்கத்து வீட்டுல இரவல் வாங்கி மாட்டினாரு. ஊரே சிரிச்சுது. அது கிடக்கட்டும்.

அப்போ தலைவியா இருந்தவ உலகம்மா. ரெண்டாந் தெருக்காரி, வயசு ஐம்பத்தெட்டு. செக்கு வச்சு எண்ணெய் ஆட்டினவ. குரல்னா குரல், இந்தக் கரையில கூப்பிட்டா அந்தக் கரையில மாடு திரும்பிப் பாக்கும்.

அவ தலைவியான கதையைச் சொல்லாம மேல போக முடியாது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கொம்பையான்னு ஒருத்தர் தலைவரா இருந்தாரு. அந்த வருஷம் மழை பொய்ச்சுது. நூத்தி எண்பதா இருந்த பானை இருநூத்திப் பன்னெண்டா ஏறிடுச்சு. உலகம்மா ஒரு தமுக்கைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஏழு தெருவும் சுத்தினா.

"கொம்பையா இருக்கும் வரை கூரையெல்லாம் கரிப்பானை!"

சதுக்கத்துல நின்னு கொம்பையா என்னமோ சொன்னாரு. தமுக்குச் சத்தத்துல யாருக்கும் காதுல விழல. தெக்கு வாசல் வழியாப் போனவரு, ஆத்து மணல்ல வெள்ளரி போட்டு அங்கயே தங்கிட்டாரு.

உலகம்மாவும் சும்மா தலைப்பாகை கட்டிக்கிட்டு உக்காரல. மூலைக்கு மூலை விளக்கு வச்சா, தன் செக்கு எண்ணெயவே ஊத்தினா. காவக்காரங்களை ரெண்டு ரெண்டு பேரா நடக்க விட்டா. மழையும் பேஞ்சுது. ஆத்துக்குக் குறுக்கே பாலம் கட்டுற வேலை தொடங்குச்சு, சும்மா திரிஞ்ச பயலுக எல்லாம் கல்லு சுமக்கப் போனாங்க. பானை மளமளன்னு எறங்குச்சு. போன வருஷம் அறுபத்தொண்ணு. இந்த வருஷம் தெருவுக்குத் தெரு முன்கூட்டியே எண்ணிப் பாத்துட்டா. அறுபது!

கல்லும் தயார். 'உலகம்மாள் தலைமையில் களவு ஒழிந்தது.'

கல் தச்சன் உளியை நிறுத்திட்டுக் கேட்டான். "ஒழிஞ்சதுன்னா போடணும்? இன்னும் அறுபது இருக்கேம்மா?"

"கல்லுல இடம் இருக்குல்ல? போடுய்யா."

பானை எறக்க இன்னும் மூணு நாள். பட்டை ஈயச் சாமி கையாலதான் கட்டிக்கணும்னு, அவரை அழைக்கப் போனா. ஏழாந் தெருக் கடைசியில, கதவு இல்லாத ஒரு குடிசை. ஊர்ப் பாத்திரத்துக்கெல்லாம் ஈயம் பூசுவாரு, அதனால அந்தப் பேரு. வயசு முப்பத்தஞ்சுதான். முன்ன ஒரு தடவை எண்ணெய் அண்டாவை ஈயம் பூசக் கொண்டு போன உலகம்மா, அவரு சொன்ன ஏதோ ஒரு வார்த்தையில அப்படியே உக்காந்துட்டா. அன்னையிலேர்ந்து அவருக்குச் சிஷ்யை.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு தாயி."

"இருநூத்திப் பன்னெண்டு அறுபதாயிருக்கு. இந்தப் பெருமை என்னுதுதானே?"

சாமி ஒரு தவலையைத் துணியால தொடச்சுக்கிட்டே கேட்டாரு. "உள்ள வரும்போது நிமிந்து வந்தியா, குனிஞ்சு வந்தியா?"

"தலைப்பாகை இடிக்குமே சாமி. குனிஞ்சுதான் வந்தேன்."

"அதான் பாக்கல. போய் வாசலைப் பாத்துட்டு வா."

வெளிய போய் அண்ணாந்து பாத்தா. கூரை எறவாணத்துல கரிப்பானை தொங்குது.

"சாமி! இதென்ன?"

"முந்தாநாள் செம்பு போச்சு."

"ஒரு செம்புக்கா?"

"என்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான் தாயி."

அறுபது, அறுபத்தொண்ணாச்சு. பட்டு போச்சு, கல்லு போச்சு.

"நான் புதுச் செம்பு வாங்கித் தரேன். பானையை எறக்கிடுங்க."

"செம்பு வாங்கிக் குடு. தண்ணி குடிக்கணும். பானை இருக்கட்டும்."

உலகம்மாவுக்கு முகம் செவந்துடுச்சு. "இது என் குத்தமா சாமி? பாலத்து வேலைக்கு ஊர் பேர் தெரியாதவனெல்லாம் வர்றான். உங்க குடிசைக்குக் கதவே இல்ல. செம்பைத் திண்டு மேல வச்சிட்டுக் குளிக்கப் போனா எடுக்கத்தான் செய்வான். இதுக்குத் தலைவி என்ன பண்ணுவா?"

சாமி பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாரு. "கொம்பையாவும் இப்படித்தான் ஏதோ சொன்னாரு போல. நீ தமுக்கு அடிச்சதுல யாருக்கும் கேக்கல."

உலகம்மா வாசல் பக்கம் திரும்பினா. சாமி விடல.

"பெருமை யாருதுன்னு கேட்டியே. பானை இல்லாத வீடா போய், ஏன் திருடு போகலன்னு கேட்டுட்டு வா. அப்புறம் சொல்றேன்."

மொதல்ல தன் தெருவுக்கே போனா. மளிகைக்கடைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்கதான் தாயே! மூலைக்கு மூலை விளக்கு வச்ச மகராசி!" அவளுக்கு நெஞ்சு நெறஞ்சுது. இத்தோட சாமிகிட்டத் திரும்பிடலாமான்னுகூட நெனச்சா.

அடுத்த தெருவுல ஒரு கிழவர் சொன்னாரு, "எனக்கு ஏது தூக்கம்? விடிய விடிய இருமுவேன். எந்தத் திருடனுக்கு அவ்வளவு பொறுமை?"

இன்னொரு வீட்டுல, எங்க நாய் இருக்குற வரைக்கும் ஒருத்தன் வர முடியாதுன்னாங்க. அந்த நாய் உலகம்மா காலை நக்கிக்கிட்டு நின்னுச்சு.

நாலாந் தெருவுல ஒரு அம்மா ரகசியமாப் பேசினா. "என் மவன் இப்போ பாலத்து வேலைக்குப் போறாம்மா. கல்யாணமும் ஆயிடுச்சு."

"அதுக்கும் உன் வீட்டுல திருடு போகாததுக்கும் என்னம்மா?"

"எங்க வீட்டுல எப்பவும் போனதில்லம்மா. உங்க தெருவுலதான் போகும்."

அஞ்சாந் தெருவுல ஒருத்தர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைக் காட்டினாரு. கனத்த இரும்பு. "கொம்பையா கடைசி வருஷம் வீட்டுக்கு வீடு அடிச்சுக் குடுத்ததும்மா. அசைக்க முடியுமா பாருங்க." உலகம்மா அசைச்சுப் பாத்தா. முடியல.

கடைசியா ஏழாந் தெருவுல, ஆப்பக்கடை முத்தாச்சி வீடு.

"ஏன் உன் வீட்டுல திருடு போகல முத்தாச்சி?"

முத்தாச்சி ஆப்பச் சட்டியை விட்டுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அப்புறம், "உள்ள வாங்கம்மா"ன்னு கூப்பிட்டா. அடுப்படி மூலையில கரி பூசின பானை ஒண்ணு. கயிறுகூடக் கட்டியிருக்கு.

"ஆடியில போச்சும்மா. மக கல்யாணத்துக்கு வச்சிருந்த வெள்ளிக் கொலுசு."

"ஏன் மாட்டல?"

"மாட்டினா உங்களுக்குத்தானே கெட்ட பேரு. எங்க தலைவிம்மா நீங்க. நம்ம பட்டணத்தைப் பாக்க வெளியூர்லேர்ந்து ஆளு வருது. என் ஒரு பானையால அந்தப் பெருமை போகணுமா?"

"மக என்ன சொன்னா?"

"அழுதா. நாந்தான் அதட்டி வாயை மூட வச்சேன். யாருக்கும் தெரியாதும்மா, நீங்க கவலைப்படாதீங்க."

சாமியோட பானை சேத்து அறுபத்தொண்ணு. இதையும் சேத்தா அறுபத்திரெண்டு. தெக்கு வாசல். அடுப்புல ஆப்பம் கருகுற வாசனை வர்ற வரைக்கும் உலகம்மா அந்தப் பானையையே பாத்துக்கிட்டு நின்னா.

"உரலை வாசலுக்கு உருட்டு முத்தாச்சி."

"எதுக்கும்மா?"

"எனக்கு எறவாணம் எட்டாது."

உரல் மேல ஏறித் தன் கையால மாட்டினா. கையெல்லாம் கரி. அதே கையால தலைப்பாகையைச் சரி பண்ண, சிவப்புத் துணியில அஞ்சு விரலும் பதிஞ்சுது.

சேதி தெருத்தெருவா ஓடுச்சு. அடுப்படியிலயும் பரண்லயும் பதுங்கியிருந்த பானை ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. ஒன்பது. அத்தனையையும் உலகம்மாவே ஏறி மாட்டினா. அதுல ஒண்ணு, கையெடுத்துக் கும்பிட்டானே மளிகைக்கடைக்காரன், அவன் வீட்டுப் பானை.

எறக்குற நாள் எண்ணினாங்க. எழுபத்தொண்ணு.

அஞ்சாந் தெருச் சொடலைமுத்து ஏற்கெனவே தமுக்கோட நின்னான். "உலகம்மா இருக்கும் வரை ஊரெல்லாம் கரிப்பானை!" அதே தமுக்குதான். தோல்கூட மாத்தல.

முத்தாச்சி கூட்டத்துலேர்ந்து கத்தினா. "தாயி, பத்துப் பானை நீ மாட்டினதுன்னு சொல்லும்மா! அந்தக் குரல் எங்க போச்சு?"

உலகம்மா தமுக்கைப் பாத்தா. தலைப்பாகையை அவிழ்த்து மடிச்சு, கரி விரல் மேல தெரியுற மாதிரி கல்லு மேல வச்சா. அந்தக் கல்லைச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க. அதை அப்புறம் குப்புறப் போட்டுக் குளத்துப் படியில பதிச்சுட்டாங்க. எழுத்து அடியில. துணி தொவைக்க அவ்வளவு தோதான கல்லு அந்தப் பட்டணத்துல வேற கிடையாது.

தலைவர் ஒருத்தர் வெளிய போற நாள்ல எல்லாரும் கதவைச் சாத்திக்குவாங்க, அதுதான் முறை. அன்னைக்கு ஏழாந் தெருவுல ஒரு கதவு சாத்தல. வாசலுக்கு வாசல் தண்ணி தெளிச்சுக் கோலம் போட்டிருந்தாங்க. உலகம்மா முதுகு வளையாம, கோலத்தை மிதிக்காம, வெறுங்கால்ல நடந்தா. முத்தாச்சி மக தெரு முனை வரைக்கும் கூடவே வந்தா.

தெக்கு வாசலுக்கு வெளிய கொம்பையா உக்காந்திருந்தாரு, மடியில வெள்ளரிக்காயோட.

"வாம்மா. தமுக்கைக் கொண்டு வரலியா?"

"உள்ளயே விட்டுட்டேன் அண்ணாச்சி. இன்னும் நல்லாத்தான் சத்தம் போடுது."

அவரு ஒரு காயை ஒடிச்சுப் பாதியைக் குடுத்தாரு. ரெண்டு பேரும் தின்னாங்க.

"அண்ணாச்சி, அன்னைக்குச் சதுக்கத்துல என்னமோ சொன்னீங்களே. என்னது?"

"மழை இல்லம்மான்னு சொன்னேன்."

உலகம்மா மிச்சக் காயைக் கீழ வச்சா. குனிஞ்சு அவரு காலைத் தொட்டா. அவரு தடுக்கல, தலையில கை வச்சாரு.

ஆத்துல சாமி புதுச் செம்புல தண்ணி மொண்டுக்கிட்டிருந்தாரு. உலகம்மா கிட்டப் போனா.

"சாமி, ஏழு தெருவும் சுத்திட்டேன். பெருமை என்னுதுன்னு கேட்டது தப்பு. சரி, இப்போ இந்தப் பழி? இது என்னுதா?"

"தெரு ஏழுதான் தாயி. பழிக்குன்னு எட்டாவதா ஒரு தெரு இருக்கா?"

"கொறஞ்சதும் என்னுது இல்ல, கூடினதும் என்னுது இல்லேன்னா, அஞ்சு வருஷத்துல எனக்குன்னு என்னதான் சாமி இருக்கு?"

"கையைக் காட்டு."

காட்டினா. ரேகைக்குள்ள எல்லாம் கரி. மூணு நாளாத் தேச்சுக் கழுவியும் போகல.

"இதுல யாராச்சும் பங்கு கேட்டு வந்தாங்களா?"

"இல்ல சாமி."

"அப்போ இது உன்னுது."