குமிழ் தெரியக்கூடாது

ஓசூர் கேபிள் கம்பெனிக்குப் புது மேனேஜராக வந்த கோதண்டபாணி, முதல் நாளே பூதக்கண்ணாடியை வைத்து ஒரு ஒயரின் நுனியைப் பார்த்து அலறினார்.

"பிளாஸ்டிக் உறை முழுக்க ஓட்டை! இனி ஒரு குமிழ் தெரிஞ்சாலும் வேலை போயிடும்!"

மெஷின் ஓட்டும் மரியபுஷ்பம், "சரிங்க சார்" என்று சொல்லி, பிளாஸ்டிக்கில் குமிழ் ஊதும் கேஸ் குழாயை மூடினாள். உறை கெட்டியாக வந்தது. சிக்னல் டெஸ்ட்டில் அத்தனை ஒயரும் தோற்றது.

மேனேஜர் குழம்பிப்போனார். "ஓட்டை இல்லாததுதானேம்மா நல்ல ஒயர்?"

"குமிழ்ல காத்து இருந்தாதான் சார் சிக்னல் தேயாமப் போகும்."

"அப்ப குமிழும் இருக்கணும், எனக்குத் தெரியவும் கூடாது. சரக்கு ஏத்த லாரி வர்றதுக்குள்ள முடி!"

மரியபுஷ்பம் கேஸைத் திறந்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"அந்தப் பூதக்கண்ணாடியை இப்படிக் குடுங்க சார். இப்பவே முடிச்சிடலாம்."