சுண்ணாம்பு மூட்டை மேல் ஒரு சிம்மாசனம்

ரொம்ப காலத்துக்கு முந்தி, நம்ம தாத்தனுக்குத் தாத்தனும் பொறக்காத காலத்துல, குவளைமங்கலத்தைக் கனகராய பூபதின்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. நல்ல மனுஷன்தான். ஆனா காலையில ஒரு பேச்சு, வெத்திலை போட்ட பிறகு வேற பேச்சு. வெத்திலைன்னா உசுரு. மடிச்சு வாயில வைக்க ஆள் இருந்ததால, சுண்ணாம்பு எங்கேயிருந்து வருதுன்னுகூட அவருக்குத் தெரியாது.

அந்த ராஜாவுக்குக் கோட்டை மதிலைப் பெருசாக் கட்டணும்னு ஆசை வந்துச்சு. சுண்ணாம்பு கொடுக்கிற வேலையைப் பேரின்பநாதர் வாங்கிக்கிட்டாரு. இவரு பெரிய வியாபாரி, சபையிலயும் ஒரு ஆசனம் உண்டு. மந்திரி ஆவுடையப்பரைக் கண்டாலே இவருக்கு வயித்தெரிச்சல். சுண்ணாம்புக் கல்லைச் சுடற சூளை, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. சரக்கை அங்கேயே வெச்சா தினம் வண்டிக்கூலி அழணுமேன்னு, சுட்ட சுண்ணாம்புக் கல்லை மூட்டை மூட்டையா ஊருக்கு நடுவுல, பாய்க்காரத் தெருவுல ஒரு ஓலைக் கொட்டகைக்குள்ள அடுக்கிட்டாரு. அந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு கோரைப்பாய் நெய்யறவங்க. சுட்ட கல்லு காஞ்சு கிடக்கிற வரைக்கும் சாது. தண்ணி பட்டா கொதிச்சுப் பொங்கிரும். பக்கத்துல கோரை கிடந்தா தீயே பிடிச்சுக்கும்.

புரட்டாசி கடைசியில ஒரு தூறல் விழுந்துச்சு. கொட்டகை ஒழுகி, ஓரத்து மூட்டை புகைஞ்சு, அடுத்த வீட்டுக் காத்தாயியோட பாய்க்கட்டு கருகிப்போச்சு. பாவம், ஒரு கல்யாண வீட்டுக்குன்னு நெய்து வெச்சிருந்தா. போய்க் கேட்டதுக்கு, உன் அடுப்புப் பொறிதான்னு பேரின்பநாதர் விரட்டிட்டாரு. அவ நேரா மந்திரி வீட்டு வாசல்ல போய் நின்னா.

"ஐயா, தூறலுக்கே பாய் போச்சு. ஐப்பசி மழை வந்தா தெருவே போயிரும். உள்ள பிள்ளைங்க தூங்குதுங்க" என்றாள்.

மறுநாள் ஆவுடையப்பர் சபையில எழுந்து, எரியற சரக்கும் பொங்கற சரக்கும் ஊருக்கு வெளியே மேட்டுல, ஓட்டுக் கூரைக்குக் கீழதான் இருக்கணும்னு ஒரு சட்டம் போடச் சொன்னாரு. பேரின்பநாதர் வயிறு குலுங்கச் சிரிச்சாரு.

"மகாராஜா, தினமும் நீங்க வெத்திலையில தடவிச் சாப்பிடறது இதே சுண்ணாம்புதான். உங்க நாக்கு எரிஞ்சுதா? மந்திரியார் வெத்திலைக்குக்கூடப் பயப்படுவார் போல."

ராஜா நாக்கை ஒரு சுழட்டு சுழட்டிப் பாத்துட்டு, எரியலையேன்னாரு. கொட்டகையிலிருந்து ஒரு கல்லும் ஒரு செம்பு தண்ணியும் கொண்டாங்க, ஊத்திக் காட்டுறேன்னு மந்திரி சொன்னதுக்கு, தண்ணியில எதையாவது கலந்து வித்தை காட்டுவாரு, நம்பாதீங்கன்னு பேரின்பநாதர் மறிச்சாரு. யார் என்ன சொன்னாலும் என் சரக்குல ஆபத்துன்னு என் வாயால வராதுன்னு மார்தட்டினாரு.

ராஜாவுக்கு வேடிக்கை பிடிச்சுப்போச்சு. "ஆவுடையப்பரே, அதை இவர் வாயாலேயே வரவழையும். நாளைக்குச் சபை கலையறதுக்குள்ள வந்தா நீர் கேட்ட சட்டம் உண்டு. வரலேன்னா உம்ம மந்திரி பதவியோட முத்திரை மோதிரம் இவருக்கு" என்றார்.

விடிஞ்சா வானம் கருகருன்னு நிக்குது. பாய்க்காரத் தெருவே அரண்மனை வாசல்ல வந்து நின்னுச்சு. உள்ள ஆவுடையப்பர் மோதிரத்தைக் கழட்டித் தட்டுல வெச்சாரு. நான் தோத்துட்டேன், கொடுக்கறதை மரியாதையோட கொடுக்கறேன், அதுக்கு மட்டும் உத்தரவு வேணும்னாரு. ராஜா தலையாட்டினாரு.

கொட்டகையிலிருந்து மூட்டைங்க வந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, காத்தாயி நெய்த பாயை விரிச்சு, உங்க சரக்கே உங்களுக்குச் சிம்மாசனம், வாங்கன்னு மந்திரி கும்பிட்டாரு. பேரின்பநாதருக்கு லேசா ஒரு தயக்கம். ஆனா தட்டுல மோதிரம் பளபளக்குதே. புதுப்பட்டு சரசரக்க ஏறி உக்காந்துட்டாரு. மாலை விழுந்துச்சு, சந்தனம் பூசியாச்சு. மனுஷனுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அடுத்து பன்னீர். இவ்வளவு பெரிய மனுஷருக்குச் செம்புப் பன்னீர் போதுமா? ரெண்டு பேர் ஒரு அண்டாவையே தூக்கிக்கிட்டு வந்தாங்க.

பேரின்பநாதர் முகத்துல பூரிப்பு போன இடம் தெரியல. பன்னீர் வேண்டாமேன்னாரு. மரியாதையில பாதியை விடலாமான்னு கேட்டாரு மந்திரி. பட்டு நனைஞ்சுரும்னாரு இவரு. வேற பட்டு தரேன்னாரு அவரு. எனக்குச் சளி பிடிக்கும்னாரு. பன்னீர் தெளிச்சு இந்த ஊர்ல யாருக்குச் சளி பிடிச்சுதுன்னு கேட்டுக்கிட்டே ஆவுடையப்பர் கையைக் காட்ட, அண்டா லேசாச் சாஞ்சுது.

"ஐயோ, ஊத்தாதே! தண்ணி பட்டா பொங்கி என்னை வேக வெச்சிரும்!"

தலைப்பாகை ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம், பேரின்பநாதர் குதிச்சு ராஜா காலடியில வந்து விழுந்தாரு. சபையே சிரிச்சுது. அந்த நேரம் பார்த்து வெளியே இடி உருண்டுச்சு.

ஆவுடையப்பர் குனிஞ்சு மாலையை எடுத்துக் கொடுத்தாரு. "உங்களுக்குப் பன்னீர் ஆகாது. அந்தத் தெருவுக்கு மட்டும் மழை ஆகுமா?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கல. ராஜா வாசலைப் பாத்தாரு. அங்க காத்தாயி வானத்தையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னா. ராஜாவுக்கு வெக்கமாப் போச்சு. தட்டுல இருந்த மோதிரத்தைத் தன் கையாலேயே எடுத்து மந்திரி விரல்ல போட்டாரு.

"எரியற சரக்கும் பொங்கற சரக்கும் எங்கே இருக்கலாம்னு இனிமே சரக்குக்காரன் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லட்டும். அதுதான் சட்டம்" என்றார்.

கருகின பாய்க்குப் பேரின்பநாதர்தான் ஈடு கொடுக்கணும், மூட்டையெல்லாம் மந்திரி கேட்டபடி இன்னிக்கே ஊருக்கு வெளியே மேட்டுல இருக்கிற ஓட்டுக் கிடங்குக்குப் போகணும், வண்டி கூடவே அவரும் நடந்து போகணும்னு உத்தரவாச்சு. பட்டு வேட்டியை வரிஞ்சு கட்டிக்கிட்டு மனுஷன் ஓடின ஓட்டத்தை ஊரே பாத்துச்சு. கடைசி மூட்டை மேட்டுக் கிடங்குக்குள்ள போகவும் மழை கொட்டவும் சரியா இருந்துச்சு. காத்தாயி கூரை ஒரு பக்கம் ஒழுகத்தான் செஞ்சுது. அவ ஒரு சட்டியை அடியில வெச்சுட்டு, நிம்மதியாப் பாய் நெய்ய உக்காந்துட்டா.

மறுநாள் சபையில, வெத்திலையில சுண்ணாம்பு தடவினவன் கையை ராஜா பிடிச்சு நிறுத்தினாரு. இது தண்ணி ஊத்திப் பொங்கி அடங்கின சுண்ணாம்புதானேன்னு கேட்டாரு. ஆமா மகாராஜான்னான் அவன்.

ராஜா கொஞ்சம் யோசிச்சாரு. "எதுக்கும் முதல் வெத்திலையைப் பேரின்பநாதருக்குக் கொடு" என்றார்.