சீல் இல்லாத ராஜினாமா

ராஜபாளையத்துப் பக்கம் ஒரு நூல் மில். கேட் காவல் இசக்கியம்மாள். பஞ்சு லாரி வந்தால், கதவுச் சீல் உடையாமல் இருந்தால்தான் உள்ளே விடுவாள். முதலாளி தங்கவேல் போட்ட சட்டம் அது. பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுக் குரல் கொடுத்தவள் என்பதால், அவளைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

ஒருநாள் எல்லார் முன்னாலும் போனை நீட்டினார். "வேலையை விட்டு நின்னுக்கிறேன்னு இவளே வாட்ஸ்அப் அனுப்பியிருக்கா. நம்பர் புதுசுதான், ஆனா இவ பேரு இருக்கு, படம் இருக்கு. கிளம்பு!"

"நான் அனுப்பலை, மொதலாளி."

"படம் பொய் சொல்லுமா?"

இசக்கி அங்கேயே நின்று தன் போனை நோண்டினாள். கொஞ்ச நேரத்தில் எல்லார் போனும் கிணுகிணுத்தது. தங்கவேல் படம், தங்கவேல் பேர்: 'மில்லைத் தொழிலாளிகளுக்கே எழுதி வெச்சுட்டேன்.'

"அடிப்பாவி! என் படத்தை எவ வேணாலும் ஒட்டலாமே!"

"என் படத்தையும்தான். சீல் இல்லாத பஞ்சை உள்ளே விடாதேன்னீங்க. சீல் இல்லாத சேதியை வெச்சு என் வயித்துல அடிக்கிறீங்களே! சேதிக்கும் டிஜிட்டல் கையெழுத்துன்னு சீல் உண்டு. அனுப்பினவங்க மட்டுந்தான் அதைப் போட முடியும்; ஒரு எழுத்தை மாத்தினாலும் காட்டிக் கொடுத்துரும். என் கையெழுத்தோட கொண்டாங்க, போறேன்."

வெளியே லாரி ஹார்ன் அடித்தது.

"வழியை விடுங்க மொதலாளி, சீல் பார்க்கணும்" என்றபடி இசக்கி கேட்டுக்கு நடந்தாள்.