மூன்றாம் நாள் லட்டு

கொடும்பை ராஜாவுக்குப் பந்தியில்கூடக் கணக்கு வேண்டும். திருவிழாவில் அன்று எத்தனையாவது நாளோ, அந்த எண்ணில் மூன்றைக் கழித்தால் விருந்தாளிகள்; முதல் இரண்டு நாள் விரதம், பந்தியே கிடையாது. அதே எண்ணை அதனாலேயே பெருக்கி ஒன்பதைக் கழித்தால் லட்டுகள்.

ஆஸ்தானக் கணிதப்புலி சர்வோத்தம பண்டிதர் இதைச் சுருக்கித் தந்தார். லட்டை மேலே எழுதி, ஆளைக் கீழே எழுதி, இரண்டுக்கும் பொதுவாக வந்த ‘நாளில் மூன்று குறைவு’ என்பதை அடித்தார். “நாளோடு மூன்றைக் கூட்டினால் போதும், தலைக்கு அத்தனை லட்டு. எந்த நாளுக்கும் பொருந்தும்!” இதற்கு ஒரு பட்டுச் சால்வை வேறு.

மூன்றாம் நாள் பண்டிதர் ராஜாவோடு சமையல்கட்டுக்கு வந்தார். அடுப்பே பற்றவைக்கவில்லை.

“தலைக்கு ஆறு லட்டு எங்கே? சமையற்காரன் வேம்பு திருடிவிட்டான், மகாராஜா!”

ராஜா வேம்புவை முறைத்தார். “ஆறாறு பரிமாறினாய் என்று நிரூபி. இல்லாவிட்டால் சவுக்கடி.”

வேம்பு கைகட்டி நின்றான். “ஆறென்ன மகாராஜா, தலைக்கு ஆயிரம் பரிமாறினேன். குறைந்தது என்று ஒரு விருந்தாளி சொல்லட்டும், முதுகைக் காட்டுகிறேன்.”

“எந்த விருந்தாளி?” என்று பண்டிதர் கத்தினார். “மூன்றில் மூன்று போனால் பந்தியில் ஒருவருமே இல்லையே! ஒன்பதில் ஒன்பது போனால் லட்டும்...”

வேம்பு தலையாட்டினான்.

“அதேதான் சாமி. நீங்கள் அடித்தது இன்றைக்குச் சைபர். மூன்றாம் நாளை விலக்கிவிட்டு அடித்திருக்கலாம்.”

ராஜா மீசையைத் தடவினார். “பண்டிதரின் மூளைக்குச் சால்வை போதாது. ஆறு லட்டும் கொடுங்கள். இன்றைய பந்தியிலிருந்தே.”

வேம்பு மரியாதையாக ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தான்.

“பரிமாறியாகிவிட்டது, சாமி. எண்ணிப் பார்த்துச் சாப்பிடுங்கள்.”